கார்டு கேள்வி பதில்: ஓடிபி வரவேயில்லை, பணம் மட்டும் போய்விட்டது

போன இதழில் கிரெடிட் கார்டு மோசடி பற்றிய கேள்விகளை அனுப்பச் சொல்லியிருந்தோம். வந்த கடிதங்களைப் படிக்கப் படிக்க மனசு கனத்துவிட்டது. பாதிப் பேர் பணம் போனதைவிட, "நீங்கதான் யார்கிட்டயாவது சொல்லியிருப்பீங்க" என்று வங்கியில் யாரோ சொன்ன ஒரு வார்த்தையைத்தான் திரும்பத் திரும்ப எழுதியிருக்கிறார்கள். ஒரு வங்கியின் கார்டு புகார்ப் பிரிவில் பல வருஷம் இந்த மாதிரிக் காகிதங்களைப் பார்த்தே வேலை செய்தவள் நான். அந்த வார்த்தை எத்தனை தடவை பொய் என்று எனக்குத் தெரியும். சரி, கேள்விகளுக்குப் போவோம். பெயர்களை விட்டுவிட்டு ஊரை மட்டும் போட்டிருக்கிறேன்.

அதிகாலை 2.47 மணிக்கு மெசேஜ் வந்திருக்கிறது, 389 டாலர், ஏதோ வெளிநாட்டுக் கடை. நான் தூங்கிக்கொண்டிருந்தேன், கார்டு பீரோவில் இருந்தது. ஓடிபி வரவே இல்லை. கஸ்டமர் கேரில் "சிவிவி சரியாகப் போட்டுத்தான் எடுத்திருக்கிறார்கள், அப்படியென்றால் நீங்கள் யாருக்கோ கொடுத்திருக்க வேண்டும்" என்கிறார்கள். நான் யாருக்கும் கொடுக்கவில்லை, மேடம். சத்தியமாக. (திருநெல்வேலி வாசகி)

நம்புகிறேன். நீங்கள் சத்தியம் செய்யவே வேண்டாம். நீங்கள் கொடுத்தீர்கள் என்று காட்ட வேண்டிய பொறுப்பு வங்கியுடையது, உங்களுடையது அல்ல. இதை ரிசர்வ் வங்கி 2017 ஜூலை 6-ஆம் தேதி வெளியிட்ட சுற்றறிக்கையில் எழுத்திலேயே சொல்லியிருக்கிறது. அதற்கு அப்புறம் வருகிறேன்.

முதலில் ஓடிபி ஏன் வரவில்லை என்பது. நம் நாட்டில் ஆன்லைனில் கார்டைப் பயன்படுத்தினால் இரண்டாவதாக ஒரு சரிபார்ப்பு கட்டாயம் என்ற விதி 2009 ஆகஸ்ட் 1-இல் இருந்து இருக்கிறது. அது இந்தியக் கடைகளைக் கட்டுப்படுத்தும். வெளிநாட்டில் இருக்கிற கடை அந்த விதிக்குள் வராது. அவர்கள் ஓடிபி கேட்டால் வரும், கேட்காவிட்டால் கார்டு எண், காலாவதித் தேதி, சில இடங்களில் சிவிவி (கார்டில் அச்சடித்திருக்கும் மூன்று இலக்க எண்), அவ்வளவுதான். சிவிவிகூடக் கேட்காமல் பணம் எடுக்கிற பெரிய கடைகள் உண்டு. 2025 செப்டம்பரில் ரிசர்வ் வங்கி கொண்டுவந்த புது விதிகளில், வெளிநாட்டுக் கடை சரிபார்ப்புக் கேட்டால் நம் வங்கி அதைச் செய்து கொடுக்கும் ஏற்பாடு 2026 அக்டோபர் 1-க்குள் இருக்க வேண்டும் என்று இருக்கிறது. அதிலும் "கேட்டால்" என்ற சொல்லைக் கவனியுங்கள்.

இனி, அந்த மூன்று இலக்கம் எப்படி வெளியே போனது? உங்கள் விஷயத்தில் எந்த வழி என்று என்னால் சொல்ல முடியாது, ஆனால் நீங்கள் வாயைத் திறக்காமலே போவதற்கு வழிகள் நிறைய. ஒன்றை மட்டும் கொஞ்சம் விவரமாகச் சொல்கிறேன். 2018-இல் பிரிட்டிஷ் ஏர்வேஸ் இணையதளத்தில் நடந்தது. டிக்கெட்டுக்குப் பணம் கட்டுகிற பக்கத்தில் யாரோ சின்னதாக ஒரு நிரலைச் சொருகிவிட்டார்கள். ஆராய்ந்து பார்த்தவர்கள் சொன்னது, மொத்தமே 22 வரி. ஆகஸ்ட் 21-இல் இருந்து செப்டம்பர் 5 வரை, அந்தப் பக்கத்தில் யார் என்ன தட்டினாலும் அது விமான நிறுவனத்துக்கும் போனது, திருடனுக்கும் போனது. கடைகள் சிவிவியைச் சேமித்து வைக்கக் கூடாது என்பது கார்டு துறையின் கண்டிப்பான விதி, பூட்டிக்கூட வைக்கக் கூடாது. அந்த விதியை எவ்வளவு ஒழுங்காகக் கடைப்பிடித்தாலும் இங்கே பயனில்லை. பெட்டியில் இருந்து திருடவில்லை, உங்கள் விரல் தட்டும்போதே எடுத்துக்கொண்டார்கள். டிக்கெட் வந்தது, பயணமும் நடந்தது, யாருக்கும் சந்தேகம் வரவில்லை. பிரிட்டனின் தகவல் ஆணையர் அலுவலகம் 2020 அக்டோபரில் அந்த நிறுவனத்துக்கு 2 கோடி பவுண்டு அபராதம் போட்டது.

இன்னொரு வழி, ஊகிப்பது. மூன்று இலக்கம் என்றால் 000 முதல் 999 வரை ஆயிரமே வாய்ப்பு. ஒரே கடையில் ஆயிரம் தடவை போட்டுப் பார்த்தால் பிடித்துவிடுவார்கள், சரி. நூறு கடைகளில் பத்துப் பத்து தடவை போட்டுப் பார்த்தால்? இதைத்தான் இங்கிலாந்தின் நியூகாசில் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2016-இல் செய்து காட்டினார்கள். முதலில் காலாவதித் தேதியை இப்படி ஊகித்து, அப்புறம் சிவிவி. சரியாக அமைந்தால் ஆறு விநாடியில் வேலை முடிந்துவிடும் என்றார்கள். அன்றைக்கு மாஸ்டர்கார்டு நெட்வொர்க் இந்தச் சிதறிய முயற்சிகளைப் பத்துக்குள்ளேயே கண்டுபிடித்தது, விசாவில் பிடிபடவில்லை. அதே வருஷம் நவம்பரில் பிரிட்டனின் டெஸ்கோ வங்கியில் இரண்டே நாளில் 22.6 லட்சம் பவுண்டு போனது. அங்கேயும் வாடிக்கையாளர்கள் யாரும் எண்ணை யாரிடமும் சொல்லவில்லை. கார்டு எண்களைக் கணக்குப் போட்டே உருவாக்கியிருக்க வேண்டும் என்பதுதான் அந்நாட்டு நிதிக் கண்காணிப்பு அமைப்பு பின்னால் கண்ட முடிவு.

ஹோட்டலிலும் பெட்ரோல் பங்கிலும் கார்டை உள்ளே கொண்டுபோய்விட்டு வருகிறார்களே, அது மூன்றாவது வழி. முன்பு எண் முன்பக்கம், சிவிவி பின்பக்கம், திருடனுக்கு இரண்டு போட்டோ வேண்டும். இப்போது அழகுக்காக எல்லாவற்றையும் பின்பக்கமே அச்சடிக்கிற கார்டுகள் நிறைய வருகின்றன. ஒரே போட்டோ போதும். எனக்கு இது பிடிக்கவே இல்லை.

ஆக, "சிவிவி சரியாக இருந்தது" என்பதற்கு ஒரே பொருள்தான், போட்ட மூன்று எண்ணும் சரி. போட்டவர் யார் என்று அது சொல்லாது.

இப்போது நீங்கள் செய்ய வேண்டியது. கார்டை பிளாக் செய்துவிட்டீர்கள் என்று எழுதியிருக்கிறீர்கள், நல்லது. போனில் சொன்னதோடு விடாதீர்கள். இன்றே வங்கிக்கு ஈமெயில் போடுங்கள், தலைப்பிலேயே "நான் அனுமதிக்காத பரிவர்த்தனை" என்று இருக்கட்டும். தேதி, நேரம், தொகை, கடை பெயர், மெசேஜ் வந்த நேரம், நீங்கள் கஸ்டமர் கேரைக் கூப்பிட்ட நேரம், அவர்கள் கொடுத்த புகார் எண். "ஓடிபி எதுவும் வரவில்லை, கார்டு என்னிடமே இருக்கிறது" என்பதைத் தனி வரியாக எழுதுங்கள். கோபத்தை அதில் கொட்ட வேண்டாம், அந்த மெயில் பின்னால் மூன்று மேசைக்குப் போகும்.

நாள் கணக்கு முக்கியம். தவறு உங்களிடமும் இல்லை, வங்கியிடமும் இல்லை, நடுவில் எங்கோ நடந்தது என்றால், மெசேஜ் வந்த நாளை விட்டுவிட்டு மூன்று வேலை நாளுக்குள் சொல்லியிருந்தால் உங்களுக்குப் பொறுப்பு பூஜ்யம். நான்கிலிருந்து ஏழு வேலை நாள் என்றால், 5 லட்சம் வரை லிமிட் உள்ள கிரெடிட் கார்டுக்கு அதிகபட்சம் 10,000 ரூபாய், அதற்கு மேல் லிமிட் இருந்தால் 25,000. ஏழைத் தாண்டினால் அந்தந்த வங்கியின் கொள்கைப்படி. நீங்கள் மறுநாள் காலையே சொல்லிவிட்டீர்கள். சொன்ன நாளிலிருந்து 10 வேலை நாளுக்குள் அந்தத் தொகையை உங்கள் கணக்கில் தற்காலிகமாகத் திருப்பி வைக்க வேண்டும், 90 நாளுக்குள் புகாரை முடிக்க வேண்டும். மெயிலில் இந்தச் சுற்றறிக்கையின் தேதியைக் குறிப்பிட்டு இதைக் கேளுங்கள். தேதியோடு கேட்கிற மெயிலுக்கு வேறு மாதிரி பதில் வரும், நான் அந்தப் பக்கம் உட்கார்ந்து பார்த்தது.

இன்னொன்றும் தெரிந்துகொள்ளுங்கள், தைரியமாக இருக்கும். ஓடிபி இல்லாமல் ஆன்லைனில் நடந்த மோசடி என்றால், பெரும்பாலும் உங்கள் வங்கி சார்ஜ்பேக் (பரிவர்த்தனையை மறுத்துப் பணத்தைத் திரும்பக் கேட்பது) போட்டு அந்த வெளிநாட்டுக் கடையின் வங்கியிடமிருந்து பணத்தை வாங்கிவிட முடியும். சரிபார்ப்புக் கேட்காமல் விற்றது அந்தக் கடை, நஷ்டமும் அதற்குத்தான். வங்கி உங்களுக்கு தர்மம் செய்யவில்லை.

புதுக் கார்டு வந்ததும் ஆப்பில் "வெளிநாட்டுப் பயன்பாடு" என்ற பட்டனை அணைத்து வையுங்கள். 2020-இல் வந்த விதிப்படி எல்லாக் கார்டிலும் அந்த வசதி இருக்கும். வேண்டும்போது போட்டுக்கொள்ளலாம்.

கார்டின் பின்னால் இருக்கிற சிவிவியைச் சுரண்டி எடுத்துவிடு என்கிறார் என் அண்ணன். எடுத்தால் கார்டு வேலை செய்யுமா? (தஞ்சாவூர்)

செய்யும். கடையிலும் ஏடிஎம்மிலும் அந்த அச்சடித்த எண் பயன்படுவதே இல்லை. காந்தப் பட்டையில் வேறு ஒரு எண், சிப்பில் வேறு ஒரு எண் இருக்கிறது, மூன்றும் தனித்தனி. ஏடிஎம்மில் கருவி வைத்துப் பட்டையை நகல் எடுப்பவனுக்கு இந்த அச்சு எண் கிடைக்காது, அதற்காகவே அப்படி வைத்திருக்கிறார்கள். எண்ணை மனப்பாடம் செய்துகொண்டு மேலே சின்ன ஸ்டிக்கர் ஒட்டுங்கள், சுரண்டுவதைவிட அது நல்லது. போனில் "கார்டு" என்ற பெயரில் சேமித்து வைக்காதீர்கள். உங்கள் அண்ணன் சொல்வது போட்டோ எடுக்கிற ஆளிடமிருந்து காப்பாற்றும். முதல் பதிலில் சொன்ன மற்ற இரண்டு வழியிலிருந்து காப்பாற்றாது.

அப்பாவுக்கு 71 வயசு. ரிவார்ட் பாயின்ட் காலாவதியாகப் போகிறது என்று போன் வந்திருக்கிறது. கார்டு எண்ணை அவர்களே சொல்லியிருக்கிறார்கள், அதனால் வங்கிதான் என்று நம்பி சிவிவியும் இரண்டு ஓடிபியும் சொல்லிவிட்டார். 96,000 ரூபாய். இரண்டு நாளாகச் சாப்பிடவில்லை. வங்கி முடியாது என்று சொல்லிவிட்டது. ஏதாவது வழி இருக்கிறதா? (சேலம்)

முதலில் அப்பாவைச் சாப்பிட வையுங்கள். தயவுசெய்து அவரைத் திட்டாதீர்கள், திட்டியவர்களையும் நிறுத்தச் சொல்லுங்கள். எங்கள் பிரிவுக்கு ஒரு ஓய்வுபெற்ற ஆசிரியர் வருவார். ஏமாந்த கதையை ஒரு நாற்பது பக்க நோட்டில் நிமிஷக் கணக்கோடு எழுதி வைத்திருந்தார். கையெழுத்து அச்சு மாதிரி இருக்கும். கடைசிப் பக்கத்தில் "என் பிள்ளைக்குத் தெரிய வேண்டாம்" என்று அடிக்கோடு போட்டிருந்தார். அந்த வரி எனக்கு இன்னும் மறக்கவில்லை. பிள்ளைக்குப் பயந்து அவர் ஒன்பது நாள் சும்மா இருந்துவிட்டார், அந்த ஒன்பது நாள்தான் அவருக்கு நஷ்டமாகிப்போனது.

உங்கள் கேள்விக்கு நேராகவே பதில் சொல்கிறேன். ஓடிபியைச் சொல்லிவிட்டால் முதல் கேள்வியில் சொன்ன பாதுகாப்பு இங்கே இல்லை. அதே 2017 சுற்றறிக்கை, வாடிக்கையாளர் தாமே எண்ணைக் கொடுத்ததால் வந்த நஷ்டத்தை, வங்கியிடம் சொல்லும் வரை அவரே ஏற்க வேண்டும் என்கிறது. சார்ஜ்பேக்கும் நடக்காது. ஓடிபி போட்டு முடிந்த பரிவர்த்தனையில் "இது மோசடி" என்கிற காரணத்துக்கு இனி கடை பொறுப்பில்லை, பொறுப்பு கார்டு கொடுத்த வங்கிக்கு மாறிவிடுகிறது, வங்கி அதை உங்கள் பக்கம் தள்ளுகிறது.

ஆனால் "சொல்லும் வரை" என்ற சொல்லைப் பிடித்துக்கொள்ளுங்கள். அப்பா எத்தனை மணிக்கு வங்கியைக் கூப்பிட்டார், அதற்கு அப்புறம் ஏதாவது பரிவர்த்தனை நடந்திருக்கிறதா என்று ஸ்டேட்மென்டை நிமிஷக் கணக்கில் பாருங்கள். சொன்ன பிறகு போன ஒவ்வொரு ரூபாயும் வங்கியின் பொறுப்பு. இரண்டு ஓடிபி என்கிறீர்கள், இரண்டாவது எப்போது பயன்பட்டது?

அடுத்தது 1930. சைபர் குற்றத்துக்கான தேசிய உதவி எண். இன்னும் கூப்பிடவில்லை என்றால் இந்தப் பக்கத்தை மூடிவிட்டுக் கூப்பிடுங்கள், அப்புறம் படிக்கலாம். அந்தப் புகார் எண்ணோடு, பணம் எந்தக் கடைக்கு அல்லது எந்த வாலட்டுக்குப் போனது என்று வங்கியிடம் எழுத்தில் கேளுங்கள். இப்படி எடுத்த பணம் பல நேரம் கிஃப்ட் வவுச்சராகவோ வாலட் பணமாகவோதான் முதலில் நிற்கும். அதைச் செலவழிப்பதற்குள் அந்த நிறுவனத்துக்குத் தகவல் போனால் நிறுத்தி வைக்க வாய்ப்பு உண்டு. அவர்களின் புகார் மின்னஞ்சலுக்கு நீங்களே நேரடியாக பரிவர்த்தனை எண்ணோடு எழுதுங்கள், வங்கி எழுதும் என்று காத்திருக்க வேண்டாம். இரண்டு நாள் போய்விட்டது, முழுசாக வரும் என்று நான் வாக்குக் கொடுக்கவில்லை. ஒரு பகுதி திரும்பி வந்ததைப் பார்த்திருக்கிறேன்.

அப்பாவிடம் ஒன்று மட்டும் காட்டுங்கள், பாடம் எடுப்பது போல இல்லாமல். ஓடிபி மெசேஜை எடுத்து முழுசாகப் படிக்கச் சொல்லுங்கள். "இன்ன கடையில் 48,000 ரூபாய்க்கான ஓடிபி" என்று அதிலேயே இருக்கும். பாயின்ட் வாங்குவதற்கு எதற்கு 48,000 என்று அவரே கேட்பார். நாம் எல்லோருமே ஆறு எண்ணை மட்டும் பார்க்கிறோம், மேலே இருக்கிற வரியைப் பார்ப்பதில்லை. அப்புறம், கார்டு எண்ணை அவர்களே சொன்னார்கள் என்பதை வைத்து யாரும் நம்பிவிடக் கூடாது. கார்டு எண் எத்தனையோ கைக்குப் போகிற விஷயம். அவர்களிடம் இல்லாதது சிவிவியும் ஓடிபியும்தான், அதற்காகத்தான் போனே வந்தது.

மதுரையில் சுங்குடிச் சேலை வியாபாரம் செய்கிறேன், சொந்தமாக வெப்சைட் இருக்கிறது. அமெரிக்காவிலிருந்து ஒரே ஆர்டர், 48 சேலை. எந்தக் கலர் என்றுகூடக் கேட்கவில்லை, இருப்பதை உடனே அனுப்புங்கள், கூரியர் செலவு எவ்வளவானாலும் பரவாயில்லை என்றார். கார்டில் பணம் வந்தது, சிவிவி மேட்ச் என்று கேட்வேயில் (ஆன்லைனில் கார்டுப் பணம் வாங்கித் தருகிற சேவை) காட்டியது. அனுப்பினேன், டெலிவரி கையெழுத்தும் இருக்கிறது. இரண்டு மாதம் கழித்து சார்ஜ்பேக் என்று மொத்தப் பணத்தையும் பிடித்துவிட்டார்கள், மேலே ஒரு கட்டணம் வேறு. சேலையும் போச்சு, பணமும் போச்சு. சிவிவி சரி என்று அவர்கள்தானே சொன்னார்கள்?

இந்தக் கடிதம்தான் என்னை ரொம்ப நேரம் உட்கார வைத்தது. மோசடி என்றால் எல்லோரும் கார்டு வைத்திருப்பவரை மட்டுமே நினைக்கிறோம். அவருக்குப் பணம் திரும்பிவிடுகிறது, வங்கிக்கும் திரும்பிவிடுகிறது, கடைசியில் கட்டுவது பெரும்பாலும் உங்களைப் போன்ற ஒரு கடைக்காரர்.

சிவிவி மேட்ச் என்பது கார்டு கொடுத்த வங்கி, "ஆமாம், அந்த மூன்று எண் சரி" என்று சொன்னது மட்டும்தான். எங்கள் வீட்டுக் கதவு எண்ணைச் சரியாகச் சொல்கிறவர் எல்லாம் எங்கள் வீட்டுக்காரர் ஆகிவிட மாட்டார். பணம் அனுமதிக்கப்பட்டது என்றாலும் அப்படித்தான், அந்த நேரத்தில் கார்டில் லிமிட் இருந்தது, யாரும் பிளாக் செய்யவில்லை, அவ்வளவே. உண்மையான கார்டுக்காரர் அமெரிக்காவில் எங்கோ இருக்கிறார், மாதக் கடைசியில் ஸ்டேட்மென்டைப் பார்த்து "மதுரையா, நான் வாங்கவே இல்லையே" என்று சொல்லியிருப்பார். அந்த நாட்டுச் சட்டப்படி, அவர் அனுமதிக்காத செலவில் 50 டாலருக்கு மேல் அவர் தலையில் கட்ட முடியாது. அவர் மேல் தப்பு இல்லை, உங்களைப் போல அவரும் திருட்டுக் கொடுத்தவர்தான். புகார் சொல்ல அவருக்கு இருக்கிற கால அளவும் அதிகம், விசா விதியில் பல வகைத் தகராறுகளுக்கு 120 நாள். இரண்டு மாதம் கழித்து வந்தது அதனால்தான்.

இதில் நீங்கள் என்ன செய்யலாம் என்பது சார்ஜ்பேக் நோட்டீஸில் இருக்கிற காரணக் குறியீட்டைப் பொறுத்தது. விசா கார்டு என்றால் அங்கே 10.4 என்று இருந்தால் "கார்டுக்காரர் செய்யாத மோசடி" என்று பொருள். 13.1 என்று இருந்தால் "பொருள் வரவில்லை". 13.1 என்றால் உங்கள் டெலிவரி கையெழுத்து நல்ல ஆயுதம், அதை வைத்து எதிர்வாதம் அனுப்பினால் ஜெயிக்கலாம். 10.4 என்றால் அந்தக் கையெழுத்து ரொம்ப உதவாது, பொருள் திருடன் கைக்குப் போய்ச் சேர்ந்தது என்றுதான் அது காட்டும். நீங்கள் எழுதியதைப் பார்த்தால் 10.4 போலத்தான் தெரிகிறது. இருந்தாலும் நோட்டீஸைப் பாருங்கள், பதில் சொல்ல கேட்வே சில நாட்களே கொடுக்கும், அதைத் தவறவிட்டால் வாதமே இல்லாமல் தோற்றுவிடுவீர்கள்.

பழைய வாடிக்கையாளர் ஒருவர் வாங்கிவிட்டு "நான் வாங்கவில்லை" என்று சொன்னால் அது வேறு கதை, அதற்கு இப்போது வழி இருக்கிறது. 2023 ஏப்ரலில் இருந்து விசா ஒரு விதி வைத்திருக்கிறது. அதே கார்டில் அவர் உங்களிடம் முன்பு வாங்கிய, தகராறு எதுவும் வராத இரண்டு ஆர்டர்கள், 120 நாளில் இருந்து 365 நாள் பழையவை, இருக்க வேண்டும். அந்த ஆர்டர்களின் ஐபி முகவரி (இணைய இணைப்பின் எண்) அல்லது கருவி அடையாளம் இந்த ஆர்டரோடு ஒத்துப்போக வேண்டும், அதோடு லாகின் அல்லது டெலிவரி முகவரி போல இன்னொன்றும். அப்படி இருந்தால் மோசடிக் குற்றச்சாட்டு உங்கள் மேல் நிற்காது. அதனால் ஆர்டர் விவரங்களை ஒரு வருஷத்துக்காவது அழிக்காமல் வைத்திருங்கள்.

இனிமேலுக்கு. கேட்வேயைக் கூப்பிட்டு ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்: வெளிநாட்டுக் கார்டுகளுக்கு 3டி செக்யூர் போட்டிருக்கிறதா? கார்டுக்காரரிடம் அவர் வங்கியே நேரடியாகச் சரிபார்க்கிற ஏற்பாடு அது, நம் ஊர் ஓடிபியும் அதில்தான் வருகிறது. அதில் தேறி வந்த ஆர்டருக்கு மோசடிப் பொறுப்பு உங்களை விட்டு அந்த வங்கிக்குப் போய்விடும். சில வாடிக்கையாளர்கள் அந்தப் பக்கத்தைப் பார்த்துப் பாதியில் போய்விடுவார்கள் என்று பயந்து பல கடைகள் அதை அணைத்து வைக்கின்றன. பத்து ஆர்டரில் ஒன்று போனாலும் பரவாயில்லை, போடுங்கள் என்பேன். அமெரிக்கா, கனடா, பிரிட்டன் கார்டுகளுக்கு பில் முகவரியை ஒப்பிட்டுப் பார்க்கிற வசதியும் உண்டு, அதையும் கேட்டு வாங்குங்கள்.

அப்புறம் உங்கள் கண். நாற்பத்தெட்டு சேலை வாங்குகிறவர் கலர் கேட்காமல் இருப்பாரா? பார்டர் எத்தனை விரல், சாயம் போகுமா, பிளவுஸ் துணி உண்டா என்று ஒரு சேலைக்கே அரை மணி நேரம் பேசுகிற வாடிக்கையாளர்களைப் பார்த்துப் பழகிய ஆள் நீங்கள். உங்களுக்கு அன்றைக்கே ஏதோ இடித்திருக்கும், அந்த உணர்வை நம்பியிருக்கலாம். இப்படி ஒரு ஆர்டர் வந்தால் இரண்டு நாள் நிறுத்தி வையுங்கள், போனில் பேசுங்கள், வீடியோவில் கலர் காட்டுகிறேன் என்று சொல்லிப் பாருங்கள். "தவறுதலாக அதிகமாகக் கட்டிவிட்டேன், மீதியை இந்தக் கணக்குக்கு அனுப்புங்கள்" என்று யாராவது சொன்னால் கண்டிப்பாகச் செய்யாதீர்கள். பணம் எந்தக் கார்டிலிருந்து வந்ததோ அந்தக் கார்டுக்கு மட்டும்தான் திரும்பிப் போக வேண்டும். சார்ஜ்பேக் வந்துவிட்ட ஆர்டருக்கு இரக்கப்பட்டுத் தனியாக ரீஃபண்ட் கொடுத்துவிடாதீர்கள், இரண்டு தடவை போய்விடும்.

ஆன்லைனில் மிக்ஸி ஆர்டர் செய்தேன், வரவில்லை, கடை போனையே எடுப்பதில்லை. வங்கியில் "நான் இந்தப் பரிவர்த்தனையைச் செய்யவில்லை" என்று சொன்னால் சீக்கிரம் பணம் வரும் என்கிறார் நண்பர். (கோயம்புத்தூர்)

வேண்டாம். நீங்கள் ஓடிபி போட்டு வாங்கியிருக்கிறீர்கள், அது வங்கியின் பதிவில் இருக்கிறது. பொய் என்று தெரிந்த நிமிஷம் உங்கள் நியாயமான புகாரும் சேர்ந்து போய்விடும், கார்டும் பிளாக் ஆகும். உண்மையைச் சொன்னாலே உங்களுக்கு சார்ஜ்பேக் உண்டு, "பொருள் வரவில்லை" என்ற காரணத்தில். ஓடிபி போட்டிருந்தாலும் இந்தக் காரணத்துக்குத் தடை இல்லை. ஆர்டர் பக்கம், டெலிவரி தேதி என்று சொன்ன இடம், நீங்கள் கடைக்கு அனுப்பிய இரண்டு மெயில், பதில் வரவில்லை என்பது, இவற்றை ஸ்கிரீன்ஷாட் எடுத்து வங்கியின் தகராறுப் படிவத்தோடு கொடுங்கள். கடைக்கு எழுதியே பார்க்கவில்லை என்றால் முதலில் எழுதுங்கள், அதைக் கேட்பார்கள். யுபிஐயில் கட்டியிருந்தால் நடைமுறை வேறு, கார்டு நெட்வொர்க்கின் இந்த சார்ஜ்பேக் அதில் இல்லை. தெரியாத கடையில் கிரெடிட் கார்டில் வாங்குவது நல்லது என்று நான் சொல்வது இதற்காகத்தான்.

புகார் கொடுத்திருக்கிறேன், முடிவு வரவில்லை. இந்த மாத பில்லில் அந்தத் தொகையும் சேர்ந்து வந்திருக்கிறது. கட்டணுமா, வேண்டாமா? (நாகர்கோவில்)

நீங்கள் செய்த செலவு முழுவதையும் தேதிக்குள் கட்டிவிடுங்கள், அதில் ஒரு ரூபாய்கூடப் பாக்கி வைக்க வேண்டாம். மோசடி என்று நீங்கள் புகார் கொடுத்த தொகைக்கு, புகார் முடியும் வரை எந்தக் கட்டணமும் போடக் கூடாது என்று ரிசர்வ் வங்கியின் 2022 கிரெடிட் கார்டு விதிகளில் இருக்கிறது. வட்டியோ தாமதக் கட்டணமோ வந்தால் அதையும் சேர்த்துப் புகாரில் எழுதுங்கள். வசூல் ஆள் போன் செய்தால் புகார் எண்ணைச் சொல்லி, "இது தகராறில் இருக்கிறது, எழுத்தில் பேசுங்கள்" என்று வைத்துவிடுங்கள்.

வங்கி "விசாரித்தோம், பரிவர்த்தனை சரியானது" என்று ஒரே வரியில் மூடிவிட்டது. ஓடிபி வரவில்லை என்று மூன்று தடவை எழுதிவிட்டேன். இனி எங்கே போவது? (காரைக்குடி)

அந்த ஒரு வரியை ஏற்றுக்கொள்ளாதீர்கள். எந்த ஆதாரத்தை வைத்து அப்படி முடிவு செய்தீர்கள் என்று கேளுங்கள்: ஓடிபி அனுப்பப்பட்டதா, எந்த எண்ணுக்கு, எத்தனை மணிக்கு, கடை சரிபார்ப்புக் கேட்டதா, சார்ஜ்பேக் போட்டீர்களா, போட்டிருந்தால் கடை என்ன பதில் கொடுத்தது. இந்த ஆறும் வங்கியின் கணினியில் இருக்கும், தேட இரண்டு நிமிஷம் ஆகாது. வங்கிக்குள்ளேயே அடுத்த படியில் இருக்கிற குறைதீர் அதிகாரிக்கு இதை அனுப்புங்கள், பெயரும் முகவரியும் வங்கியின் இணையதளத்தில் இருக்கும்.

புகார் கொடுத்து 30 நாளில் பதில் வராவிட்டாலோ, வந்த பதில் திருப்தியாக இல்லாவிட்டாலோ ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளரிடம் போகலாம். 2021 நவம்பரில் இருந்து நாடு முழுக்க ஒரே திட்டமாக நடக்கிறது, எந்த ஊர், எந்தக் கிளை என்ற கேள்வி இல்லை. கட்டணம் கிடையாது, வக்கீல் வேண்டாம். ரிசர்வ் வங்கியின் இணையதளத்தில் பதிவு செய்யலாம், சந்தேகம் இருந்தால் 14448-க்குக் கூப்பிடலாம். உங்களுக்கு ஏற்கெனவே பதில் வந்துவிட்டதால் 30 நாள் காத்திருக்கவும் வேண்டாம். முதல் மெசேஜின் ஸ்கிரீன்ஷாட், மூன்று மெயில்கள், அந்த ஒரு வரிப் பதில், அந்த மாத ஸ்டேட்மென்ட், நான்கையும் தேதி வரிசையில் ஒரே பிடிஎஃப் ஆக்கி இணையுங்கள். புகார் பெட்டியில் கதை முழுவதும் எழுத வேண்டாம், மெசேஜ் வந்த நேரம், நீங்கள் வங்கிக்குச் சொன்ன நேரம், ஓடிபி வரவில்லை என்பது, கேட்கிற தொகை, இவ்வளவு போதும். பதிவானதும் ஒரு புகார் எண் வரும், அதை எனக்கும் எழுதுங்கள், அடுத்த இதழில் என்ன ஆனது என்று தொடர்கிறேன்.